மக்கும் என்று எழுதினால் மக்கிவிடுமா?

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், குப்பை டப்பாக்கள் வரிசையாக நிற்கும். பச்சை ஒன்று, நீலம் ஒன்று, இரண்டிலும் சேராதவற்றுக்கு ஒரு சிவப்பு. போன ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைத் துடைக்கக் கீழே போனேன். அங்கே வேலை பார்க்கும் தூய்மைப் பணியாளர் அக்கா தரையில் சாக்கை விரித்து, கறுப்புப் பை ஒன்றை அவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து விழுந்தது மரச்சீவல். நனைந்து கட்டிதட்டிப் போயிருந்தது. நடுநடுவே புழுக்கைகள், காய்ந்த புல், பாதி தின்ற கேரட் தோல். பத்தடி தள்ளி நின்ற எனக்கே அமோனியா நெடி மூக்கில் ஏறியது. அவருக்கு ஒரு கையில்தான் கையுறை இருந்தது.

"என்ன சார் இது? பச்சைல போடுறதா, நீலத்துல போடுறதா? வாரா வாரம் வருது. இறுக்கிக் கட்டிப் போட்டுர்றாங்க. அவுத்தா கண்ணெல்லாம் எரியுது."

"தெரியலையேக்கா" என்றேன்.

தெரியும். அது எங்கள் வீட்டுப் பை. நானே கட்டி, நானே லிஃப்டில் கொண்டுவந்து வைத்த பை. மாடி ஏறும்வரை அந்தப் பொய் தொண்டையில் நின்றது. இந்தக் கட்டுரை அந்தப் பொய்யிலிருந்து தொடங்குகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால் அதில் நான் நின்றாக வேண்டும்.

எங்கள் வீட்டில் இரண்டு கினிப் பன்றிகள் இருக்கின்றன. மகள் வைத்த பெயர்கள் பஞ்சு, மிளகு. கூண்டில் அவற்றுக்குக் கீழே விரிப்பதற்குக் கடையில் மரச்சீவல் விற்கிறார்கள். உறையில் ஒரு பச்சை இலைப் படம். நூறு சதவீதம் இயற்கை, மக்கும் தன்மை கொண்டது, சூழலுக்கு உகந்தது என்று மூன்று வாக்கியங்கள். மூன்றையும் படித்து மகிழ்ந்துதான் வாங்கினோம். அந்த உறையே பிளாஸ்டிக் என்பது எங்கள் கண்ணில் படவில்லை. வாரம் ஒருமுறை கூண்டைச் சுத்தம் செய்து, இயற்கையான மக்கும் மரச்சீவலைக் கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குள் திணித்து, காற்றுப் போகாமல் முடிச்சுப் போட்டுக் கீழே கொண்டுபோய் வைத்தோம். அன்றைக்குப் பிறகு ஒரு மாதம் எடை போட்டுப் பார்த்தேன். வாரத்துக்குச் சுமார் மூன்று கிலோ. வருஷத்துக்கு நூற்றைம்பது கிலோ. இரண்டு சிறு பிராணிகள், ஒரு வீடு.

எங்கள் குடியிருப்பில் இப்படி எட்டு வீடுகள். ஊரடங்குக்குப் பிறகு வந்த வழக்கம் இது. நாய் வளர்க்க இடமில்லாத வீடுகளில் முயல், வெள்ளெலி, கினிப் பன்றி. எட்டு வீட்டுப் பைகளும் அந்த ஒரு சாக்கின் மேல்தான் அவிழ்கின்றன.

*

மக்கும் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அது பொருளின் குணத்தை மட்டும் சொல்லும் சொல் போலத் தோன்றுகிறது. உண்மையில் அதற்குள் நான்கு நிபந்தனைகள் இருக்கின்றன. காற்று வேண்டும், ஈரம் வேண்டும், நுண்ணுயிர் வேண்டும், சரியான கலவை வேண்டும். இந்த நான்கும் கூடிய இடத்தில் மரமும் மக்கும். கூடாத இடத்தில் கீரைத்தண்டுகூட ஒழுங்காக மக்காது. ஆகவே ஒரு பொருள் மக்குமா என்று கேட்பது பாதிக் கேள்விதான். எங்கே மக்கும் என்பது மீதிப் பாதி. உறையில் எழுதுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் எழுதி நம் மனசாட்சிக்கு விலை போட்டு விற்கிறார்கள்.

முடிச்சுப் போட்ட பைக்குள் என்ன நடக்கிறது? மூத்திரத்தில் இருக்கும் யூரியாவைப் பாக்டீரியாக்கள் அமோனியாவாக உடைக்கின்றன. வெளியேற வழியில்லை. யார் முடிச்சை அவிழ்க்கிறாரோ அவர் முகத்தில் அது மொத்தமாக அடிக்கிறது. அக்காவின் கண் எரிந்ததற்கு வேதியியல் காரணம் இவ்வளவுதான்.

அவிழ்க்கப்படாத பைகள் எங்கே போகின்றன? சென்னையில் நாளொன்றுக்கு 5000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. பிரிக்கப்படாமல் போவது பல பத்தாண்டுகளாக வடக்கே கொடுங்கையூருக்கும் தெற்கே பெருங்குடிக்கும் போய்க்கொண்டிருக்கிறது. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. 2022இல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சர் தகுதி கிடைத்தது. அதே 2022இல், ஏப்ரல் மாதக் கடைசியில், அந்தக் கிடங்கு பற்றி எரிந்தது. சுற்றுப்புறமெல்லாம் நாட்கணக்கில் புகை. அப்படி எரிவதற்குக் குப்பை மேட்டின் அடிவயிற்றில் சேரும் மீத்தேன் ஒரு காரணம். காற்றில்லாத ஆழத்தில் உணவுக் கழிவும் புல்லும் புழுக்கையும் அழுகும்போது வருகிற வாயு அது. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ இருபத்தெட்டு மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. மரச்சீவலுக்கோ வேறு கதை. அதிலுள்ள லிக்னினைக் காற்றில்லாமல் உடைக்கும் ஆற்றல் நுண்ணுயிர்களுக்கு மிகக் குறைவு. அது பல பத்தாண்டுகள் ஏறக்குறைய அப்படியே கிடக்கும். ஆக, சீக்கிரம் மக்குவது நாறி மக்குகிறது, மெதுவாக மக்குவது மக்காமலே கிடக்கிறது. உறையின் மேலிருந்த பச்சை இலை எங்கே போயிற்று?

இப்போது அந்தப் பழைய மேடுகளைத் தோண்டிச் சலித்து மண்ணைத் தனியாக, பிளாஸ்டிக்கைத் தனியாகப் பிரிக்கும் வேலை நடக்கிறது. பயோமைனிங் என்கிறார்கள். கோடிக்கணக்கில் செலவு. வீட்டு வாசலில் நாம் செய்யத் தவறியதை இருபது முப்பது வருஷம் கழித்துப் பொக்லைன் வைத்துச் செய்கிறோம், அவ்வளவுதான்.

*

என் பொய்க்கு மூன்று நாள் கழித்துச் சங்கத்தின் சுற்றறிக்கை வந்தது. அக்கா மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கிறார், அவர் செயலாளரிடம் சொல்லியிருக்கிறார். சுற்றறிக்கையின் சாரம் இது: செல்லப்பிராணிக் கழிவுகளை இரட்டைப் பையில் இறுகக் கட்டி, சிவப்பு டப்பாவில் மட்டும் போடவும். மீறினால் அபராதம்.

நெடிதான் பிரச்சினை என்று ஒருவர் சொன்னால், நெடி நமக்கு எட்டாதபடி இன்னொரு பை போடுங்கள் என்று தீர்வு சொல்கிறார்கள். இதைவிடச் சுருக்கமாக நம் நகரத்து நடுத்தர வர்க்கத்தின் சூழலியலை யாரும் எழுதிவிட முடியாது. பை நம் கையை விட்டுப் போனதும் உலகத்தை விட்டே போய்விட்டதாக நினைக்கிறோம்.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளை எடுத்துப் படித்துப் பார்த்தேன். நுண்ணுயிர்களால் சிதைக்கப்படக்கூடிய கரிமப் பொருள் எதுவாயினும் அது மக்கும் கழிவு என்றது அந்த விதி. கழிவை உண்டாக்குகிறவரே அதைப் பிரித்துத் தர வேண்டும் என்றது. 5000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகள், மக்கும் கழிவை முடிந்தவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே உரமாக்கவோ எரிவாயுவாக்கவோ வேண்டும் என்றது. திறந்த வெளியில் எரிக்கக் கூடாது என்றது. புல் தின்னும் பிராணியின் புழுக்கையை இரட்டைப் பையில் கட்டச் சொல்லும் வரி எனக்கு அதில் அகப்படவில்லை. அதை எங்கள் சங்கம் தன் சொந்த மூளையால் சேர்த்துக்கொண்டது.

*

சந்தைக்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். மரச்சீவல் வேண்டாமென்றால் காகித உருண்டை இருக்கிறது, சோளக்கதிர்த் துகள் இருக்கிறது. கடல் கடந்து வந்த காகித உருண்டை, நாம் பழைய பேப்பர்காரரிடம் கிலோவுக்குச் சில்லறை வாங்கிக்கொண்டு போடும் அதே காகிதம்தான். அப்புறம் துவைத்துப் பயன்படுத்தும் ஃப்ளீஸ் விரிப்பு. துணி என்று சொல்லி விற்கிறார்கள். அது பாலியஸ்டர். ஒவ்வொரு சலவைக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் உதிர்ந்து சாக்கடைக்குப் போகின்றன. கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விடலாம் என்று எழுதிய வகைகளும் உண்டு. தண்ணீரில் ஊறி உப்புவதற்காகவே செய்த பொருளைக் குழாய்க்குள் தள்ளச் சொல்கிறார்கள். அடைத்துக்கொண்டால் இறங்கி எடுப்பது யார் என்று இந்த ஊரில் கேட்க வேண்டியதில்லை. மக்கும் பைகள் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை தொழிற்சாலை அளவிலான உரக்கூடத்தின் ஐம்பது அறுபது டிகிரிச் சூட்டில்தான் சொன்னபடி மக்கும். நம் பால்கனித் தொட்டியில் அவை மாதக்கணக்கில் பைகளாகவே இருக்கும்.

சூழலைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இன்னொரு பொருளை வாங்கு என்பதுதான் இவை அத்தனையிலும் சொல்லப்படும் ஒரே செய்தி. வாங்கிய பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றி ஒருவருக்கும் பேச்சில்லை. அதில் லாபமில்லை.

*

நம் மொழியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மாடு போடுவது சாணம். ஆடும் முயலும் எலியும் போடுவது புழுக்கை. யானைக்கு லத்தி, கழுதைக்கு விட்டை, பறவைக்கு எச்சம். ஒரு விஷயத்துக்கு இத்தனை சொற்கள் சும்மா வராது. ஒவ்வொன்றையும் கையாண்டு, ஒவ்வொன்றின் சூட்டையும் ஈரத்தையும் வேகத்தையும் அறிந்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பயன் கண்டவர்கள் வைத்த பெயர்கள் அவை. தொழுவத்தில் சிந்திய வைக்கோலும் சாணமும் மூத்திரமும் மிதிபட்டுக் கலந்தால் அதற்குக் கூளம் என்று பெயர். கூளம் குப்பைக்குழிக்குப் போகும். குழியிலிருந்து எருவாக வயலுக்குப் போகும். கோழிப் பண்ணையில் நெல் உமி, கடலைத்தோல், மரத்தூள் பரப்பி மாதக்கணக்கில் கிளறிக் கிளறிவிடுவதை இன்றும் ஆழ்கூள முறை என்றுதான் கால்நடைத் துறை கையேடுகள் சொல்கின்றன. நம் கூண்டுக்குள் இருப்பதும் கூளம்தான். பெயரை மறந்ததால் பயனையும் மறந்துவிட்டோம்.

கிடை போடுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அறுப்பு முடிந்த வயலில் இரவு ஆடுகளைப் பட்டி அடைப்பார்கள். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சை வரைக்கும் நடப்பார்கள். நிலக்காரர் அதற்காகக் கீதாரிக்குப் பணமோ நெல்லோ கொடுப்பார். ஆட்டின் புழுக்கையும் மூத்திரமும் தன் மண்ணில் விழுவதற்காக ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குக் கூலி கொடுத்த நாடு இது. அதே பொருளை வீட்டை விட்டு வெளியேற்ற நாம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம்.

கினிப் பன்றிக்கும் இது புதிதல்ல. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் அதைப் பல ஆயிரம் ஆண்டுகளாக வளர்க்கிறார்கள், இறைச்சிக்காக. சமையலறை மூலையிலேயே திரியும். காய்கறித் தோலும் குதிரைமசாலும் தின்னும். அதன் புழுக்கையைக் கூட்டி வாரி உருளைக்கிழங்கு வயலில் போடுவார்கள். அது செல்லப்பிராணியாகி, பஞ்சு என்றும் மிளகு என்றும் பெயர் வாங்கி, நம் வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் புழுக்கை குப்பையானது.

நிற்க. இங்கேயே கட்டுரையை முடித்து, முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை என்று கைதட்டு வாங்கிக்கொண்டு போகலாம். அது இன்னொரு பொய்யாக இருக்கும். என் பாட்டி வீட்டில் தொழுவம் இருந்தது. ஆறு மாடுகள். பாட்டி தொழுவத்துக்குள் காலெடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. தாத்தாவும் அப்படித்தான். விடிகாலையில் ஒரு பையன் வந்து கூளம் அள்ளுவான். எனக்கு அப்போது எட்டு வயது, அவனுக்குப் பத்துப் பன்னிரண்டு இருக்கும். வேலை முடிந்ததும் கொல்லைப்புறத்திலேயே நின்று பழையது வாங்கிக்கொண்டு போவான். அவன் பெயர் எனக்குத் தெரியாது. ஆறு மாடுகளின் பெயரும் தெரியும்.

ஆகவே, அந்தக் காலத்துச் சுழற்சி முறை என்று பெருமை பேசுகிறவர்கள் அதை யார் சுழற்றினார்கள் என்றும் சேர்த்துப் பேச வேண்டும். அந்த வாழ்க்கையில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஓர் அறிவு இருந்தது, ஓர் அநியாயம் இருந்தது. நாம் நகரத்துக்கு வந்தபோது அறிவை ஊரிலேயே விட்டுவிட்டோம். அள்ளுகிற ஆளை மட்டும் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

*

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை.

முதலில் விரிப்பை மாற்றினோம். அட்டைப் பெட்டியைப் பிசின் நாடா நீக்கிக் கிழித்து அடியில், செய்தித்தாளை நாடா நாடாகக் கிழித்து அதன் மேல், எல்லாவற்றுக்கும் மேல் காய்ந்த புல். பளபளப்பு அட்டையும் வார இதழ்த் தாளும் வேண்டாம். மரக்கடையில் இலவசமாகக் கிடைக்கிற தூளை வாங்கி வந்துவிடாதீர்கள். அதில் ஒட்டுப்பலகையின் பசை கலந்திருக்கும். பிராணிக்கும் கேடு, உரத்துக்கும் கேடு. கடலைத்தோல் பூசணம் பிடித்தால் விஷம். உமி கோழிக்குச் சரி, தரையோடு மூக்கை வைத்துத் திரியும் சிறு பிராணிக்கு அதன் தூசி ஆகாது. எல்லாமே இயற்கைதான். இயற்கை என்ற சொல்லும் மக்கும் என்ற சொல்லைப் போலத்தான், எதையும் தானாக உறுதி செய்யாது.

பிறகு இரண்டு பழைய டிரம்கள். பக்கவாட்டிலும் அடியிலும் துளைகள். உரமாவதற்குக் கார்பன் ஏறத்தாழ முப்பது பங்கு, நைட்ரஜன் ஒரு பங்கு என்ற கலவை வேண்டும். வெறும் மரச்சீவலில் கார்பன் பல நூறு பங்கு இருக்கும். அதனால்தான் தனியாகப் போட்டால் அது அசையாது. காகிதமும் புல்லும் அவ்வளவு மோசமில்லை. புழுக்கையும் மூத்திரமும் நைட்ரஜனைக் கொண்டுவந்துவிடுகின்றன. பற்றாததற்குச் சமையலறைக் காய்கறிக் கழிவு. தொடக்கத்தில் ஒரு குவளை புளித்த மோர். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் இரண்டு சொட்டு விழ வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு. வாரம் இரண்டு முறை கிளறல். நாறினால் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம், காய்ந்த சருகைச் சேர்க்க வேண்டும்.

எனக்கு முதல் டிரம் நாறியது. மறைக்க மாட்டேன். பச்சைக் கழிவு அதிகமாகிப் புழு வைத்தது. மனைவி இரண்டு நாள் பேசவில்லை. தென்னை நார்த் தூளைக் கொட்டிக் கிளறியதும் நாலைந்து நாளில் நெடி போயிற்று. ஐப்பசி மழையில் ஒரு டிரம்முக்குள் தண்ணீர் இறங்கிக் கூழாகி, அதைச் சாக்கில் பரப்பிக் காயவைத்து மறுபடி தொடங்கினோம். காகிதமும் புல்லும் போட்ட டிரம் மூன்று மாதத்தில் கறுத்து, மண் வாசனை வந்துவிட்டது. பழைய மரச்சீவல் போட்ட டிரம் இன்னும் மரச்சீவலாகவே இருக்கிறது. ஒரு வருஷம் ஆகும் போலிருக்கிறது. ஆகட்டும். பெருங்குடியில் கிடப்பதைவிட இங்கே கிடக்கட்டும்.

சில எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். சிறு டிரம்மில் கிருமிகளைக் கொல்லும் அளவுக்குச் சூடு ஏறாது. ஆகவே அந்த உரம் பூச்செடிக்கும் மரத்துக்கும், பச்சையாகத் தின்னும் கீரைக்கு வேண்டாம். பிராணி நோயுற்றிருந்தாலோ பூச்சி மருந்து கொடுத்திருந்தாலோ அந்த வாரக் கூளத்தை டிரம்மில் சேர்க்கக் கூடாது. மருந்து புழுக்கை வழியாக வந்து, உரமாக்கும் பூச்சிகளையே கொல்லும். அதைத் தனியே தாளில் சுற்றி, மேலே எழுதித் தர வேண்டும். நாய், பூனைக் கழிவுக்கு இந்த முறை பொருந்தாது. அவற்றில் வரும் ஒட்டுண்ணிகள் வேறு. பூனைக்குப் போடும் களிமண் மணலும் சிலிக்கா மணியும் எந்த ஜென்மத்திலும் மக்கப்போவதில்லை.

*

ஆவணியில் சங்கக் கூட்டம். இரண்டு டிரம் வைக்கச் சுற்றுச்சுவர் ஓரம் இடம் கேட்டேன். அந்தப் பை என்னுடையதுதான் என்பதையும் அங்கேதான் சொன்னேன். அக்காவிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். "தெரியும் சார், உங்க வீட்டு வாசல்ல புல்லு சிந்திக் கெடக்குமே" என்றார்.

"சார், இது அப்பார்ட்மெண்ட். மாட்டுத் தொழுவம் இல்ல" என்றார் செயலாளர். தொழுவமாக இருந்திருந்தால் இந்நேரம் சுத்தமாக இருந்திருக்கும். கூளத்தை வாரக்கணக்கில் பையில் கட்டி வைத்திருக்கும் தொழுவம் எதுவும் நான் பார்த்ததில்லை.

"இதுலேர்ந்து நோய் வரும்" என்றார் இன்னொருவர். வரலாம். சால்மொனெல்லா வரலாம், படர்தாமரை வரலாம். எனக்குப் புரியாதது ஒன்றுதான். டிரம் வைத்தால் மட்டும் நோய் வரும், அக்கா வெறுங்கையால் பிரித்தால் வராதா? நோய்க்கு அஞ்சுகிறவர் முதலில் கேட்டிருக்க வேண்டியது இரண்டாவது கையுறையை. பத்து வருஷத்தில் அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

"ரெண்டு எலிக்கு இவ்வளவு பேச்சா? ஊர்ல 5000 டன் குப்பை. உங்க மூணு கிலோவால என்ன ஆயிடப் போகுது?" இது நியாயமான கேள்வி. ஒன்றும் ஆகிவிடாது. பெருங்குடி மேடு ஓர் அங்குலமும் குறையாது, பூமியின் சூடும் குறையாது. அப்படி ஆகும் என்று சொல்கிறவரை நானும் நம்ப மாட்டேன். ஆனால் அந்த மூன்று கிலோ பெருங்குடிக்குப் போவதற்கு முன்னால் ஓர் ஆளின் கை வழியாகப் போகிறது. 5000 டன்னில் மூன்று கிலோ ஒன்றுமில்லை. ஒருவர் கையில், வாரா வாரம், எட்டு வீட்டிலிருந்தும் வந்தால் அது நிறையத்தான்.

கடைசியாகப் பேசியவர் கல்லூரி மாணவி. "அப்ப வளர்க்காதீங்க அங்கிள். கூண்டுல போட்டு வளர்க்குறதே தப்பு." இதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. கூண்டில் அடைப்பதற்கு எந்தச் சமாதானமும் எனக்கே போதவில்லை. கினிப் பன்றி ஐந்து முதல் எட்டு வருஷம் வாழும். ஒரு பிறந்தநாள் பரிசாக வந்தது, குழந்தை பத்தாம் வகுப்புக்குப் போகும்வரை இருக்கும். இதை யோசித்து வாங்கவில்லை. வந்துவிட்ட உயிரைத் தெருவில் விட முடியாது. கடைசிவரை வைத்திருப்போம், அதன் பிறகு இன்னொன்று வாங்க மாட்டோம். அதுவரை அவை போடுகிறதற்கு நாங்கள்தான் பொறுப்பு. அந்தப் பெண்ணிடம் இவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

மூன்று மாதத்துக்கு, சோதனை அடிப்படையில், அனுமதி கிடைத்தது. நாற்றம் என்று ஒரு புகார் வந்தாலும் எடுத்துவிட வேண்டும் என்று நிபந்தனை. எட்டு வீடுகளில் மூன்று சேர்ந்துகொண்டன. ஐந்து வீடுகள் இன்னமும் இரட்டைப் பைதான். அவர்களைக் கேட்டால் உறையைக் காட்டுகிறார்கள். மக்கும்னு போட்டிருக்கே சார்!

இப்போது தை. கெடு முடிந்தும் டிரம்கள் நிற்கின்றன, யாரும் எடுக்கச் சொல்லவில்லை. என் கோரிக்கைகள் மூன்று. சங்கங்கள் இரட்டைப் பைச் சுற்றறிக்கையைக் கிழித்துப் போடட்டும். புல் தின்னும் பிராணிகளின் கூளம் மக்கும் கழிவு என்று எழுதி ஒட்டட்டும், அதற்கு வளாகத்துக்குள் இடம் தரட்டும். விற்கிறவர்கள் மக்கும் என்று எழுதினால் எங்கே, எத்தனை மாதத்தில் என்பதையும் எழுதட்டும். வளர்க்கிறவர்கள் தங்கள் பிராணியின் கூளத்தைத் தங்கள் கையால் கொண்டுபோய்க் கொட்டட்டும். கையில் ஒட்டிக்கொண்டால் சோப்பு இருக்கிறது.

முதல் டிரம்மைச் சலித்த அன்று, வீட்டில் செடி இருக்கிறதா, கொஞ்சம் உரம் எடுத்துக்கொள்கிறீர்களா என்று அக்காவைக் கேட்டேன். எனக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்திருக்க வேண்டும்.

"எங்க வீட்ல செடி வெக்க ஏது சார் எடம்? எரு நீங்களே வெச்சுக்கங்க. அந்த அஞ்சு வீட்லயும் பையைக் கட்டாம குடுக்கச் சொல்லுங்க, போதும்."

சொல்லிக்கொண்டிருக்கிறேன்.